பத்து நிமிடத் தெரு

கரண்ட் போனதும் பக்கிரிசாமிக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். சொன்ன கையோடு, எதற்குடா உனக்கு அப்பாடா, இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்தால் படத்தைச் சுரண்டிவிடலாம் என்று பார்க்கிறாயா என்று தன்மேலேயே ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. தலைக்குமேல் மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றிவிட்டு நின்றது. சுவரோரமாக ஆள் நீளத்துக்கு இருந்த பெரிய ஸ்கேனர் பச்சை விளக்கை அணைத்துக்கொண்டது. கடைக்காரி மெகருன்னிசா, "பராமரிப்புக்கு நிறுத்துறது வியாழக்கிழமைதான சார், இது சும்மா டிரிப் ஆயிருக்கும், பத்து நிமிஷத்துல வந்துடும், உக்காருங்க" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டாள். பத்து நிமிஷம். அவளுக்கு அது வாயில் வந்த வார்த்தை. பக்கிரிசாமியை மூன்று மாதமாகப் பிடித்து ஆட்டுகிற பேயே அந்தப் பத்து நிமிஷம்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவர் உட்காரவில்லை. மேஜைமேல் விரித்து, ஸ்டேப்ளரும் பசை டப்பாவும் வைத்து மூலைகளை அமுக்கியிருந்த தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கியது. டிரேசிங் தாளில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், தாள் உப்பிக்கொள்ளும். துண்டால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். சட்டைப்பையில், செய்தித்தாள் துண்டில் மடித்து வைத்த பாதி பிளேடு இருந்தது. அவரேதான் காலையில் எடுத்து வைத்தார். யாரும் கையைப் பிடித்து வைக்கவில்லை.

படம் மணற்றுறை என்ற ஊருடையது. உலகத்தில் அப்படி ஓர் ஊர் கிடையாது. வாகீசன் என்ற எழுத்தாளர் அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாவலில் கட்டிவைத்த ஊர் அது. வாகீசன் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, இந்த வருஷம் அவருக்கு நூறு. நூற்றாண்டுப் பதிப்பின் முதல் பக்கத்தில் அந்தக் கற்பனை ஊரின் படம் மடித்து இருக்க வேண்டும், வாசகர் அதை விரித்துக் கதாநாயகன் நடந்த தெருவில் தன் விரலை நடத்திப் பார்க்க வேண்டும் என்று விழாக்குழுவுக்கு ஓர் ஆசை. நல்ல ஆசைதான். அதற்கு ஆள் தேடினார்கள். தாலுகா அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் நில அளவைப் படம் வரைந்து ஓய்வு பெற்ற பக்கிரிசாமி உள்ளூரிலேயே இருந்தார். வாகீசனும் இதே ஊர்க்காரர். மணற்றுறை என்று பெயரை மாற்றி வைத்தாரே தவிர, கோயிலும் கடைத்தெருவும் ரயிலடியும் இந்த ஊருடையவைதான் என்று ஊருக்கே தெரியும். செயலாளர் ராமபத்திரன் வீடு தேடி வந்து, உட்கார்ந்து, காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "உங்க கையாலதான் வரணும்" என்றார். அந்தக் காப்பியைக் குடித்ததை ஒரு பெரிய காரியமாக நினைத்து அன்றைக்குப் பக்கிரிசாமி உருகிப்போனார். இப்போது நினைத்தால் அந்த உருக்கத்தின்மேல் காறித் துப்பலாம் போலிருக்கிறது. நாவலில் இருப்பது ஏழு தெரு. படத்தில் இருப்பது எட்டு. இன்று காலை எட்டு மணிக்கு ராமபத்திரன் போனில் கூப்பிட்டு, அந்த எட்டாவதைச் சுரண்டிவிட்டு ஸ்கேன் பண்ணுங்கள், ஒரு மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

எட்டாவது தெருவை அவர் ஆசைக்குப் போடவில்லை. அதை யாருக்கு விளக்குவது? ஒரு நிலத்தைச் சுற்றி அளந்துகொண்டே போனால் புறப்பட்ட கல்லுக்கே திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ தப்பு. சர்வே படித்தவன் எவனுக்கும் இது முதல் பாடம். நாவலுக்குள் சங்கிலி போட்டு அளக்க முடியாது, அதனால் அவர் நேரத்தை வைத்து அளந்தார். வாகீசன் அதில் ராட்சசர். யார் எங்கே நடந்தாலும் மணி சொல்லிவிடுவார். உச்சிக்கால மணி அடிக்கும்போது புறப்பட்டான், மில் சங்கு ஊதும்போது போய்ச் சேர்ந்தான் என்று ஒவ்வொரு நடைக்கும் இரண்டு பக்கமும் முளை அடித்து வைத்திருப்பார். அந்த நடைகளையெல்லாம் பக்கிரிசாமி ஒரு நோட்டில் எடுத்து, நிமிஷத்தைத் தூரமாக்கி, கோடாகப் போட்டார். கோயில் வாசலில் புறப்பட்ட கோடு நாலு வீதியும் சுற்றி, செட்டித்தெரு வழியாக ரயிலடிக்குப் போய், அங்கிருந்து வாய்க்கால் கரையோடு கடைத்தெருவுக்கு வந்து, திரும்பக் கோயில் வாசலில் முட்ட வேண்டும். முட்டவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை, ஒன்பது தடவை போட்டார். ரயிலடிக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில்தான் இடறியது. கதாநாயகன் சபேசன் அந்த வழியில் ஆறு தடவை நடக்கிறான். ஆறு தடவையும் சரியாக இருபது நிமிஷம். ஆனால் வழியில் அவன் பார்க்கிற மதகு, வேப்பமர வரிசை, சோடாக் கம்பெனி எல்லாவற்றையும் அவன் நடக்கிற வேகத்தில் வைத்துப் பார்த்தால் பத்து நிமிஷத்துக்குமேல் தேறாது. மீதிப் பத்து நிமிஷம் சபேசன் எங்கே நடந்தான்? நாவலைத் திரும்பப் பிரித்துப் பார்த்தால், மதகைத் தாண்டியதும் அவன் தலையைத் தூக்கிக்கொள்கிறான். வானத்தில் கொக்கு பார்க்கிறான். ஆறு தடவை நடக்கிறான், ஆறு தடவையும் அதே இடத்தில் கொக்கு. பார்த்து முடிக்கும்போது கடைத்தெரு வந்துவிடும்.

அந்தக் கொக்கைப் பற்றிப் புத்தகமே போட்டிருக்கிறார்கள். சபேசனின் ஆன்மா கூட்டை விட்டுப் பறக்கிறதாம். போன மாதக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் முக்கால் மணி நேரம் கொக்கைப் பற்றியே பேசினார், பின்வரிசையில் பக்கிரிசாமி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆன்மாவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மதகைத் தாண்டினால் வலது கைப்பக்கம் இருப்பது தெற்குத்தெரு. ஊர் அதைச் சேரி என்று சொன்னது. ஐம்பத்திரண்டு வீடு, ஒரு வேம்பு, ஒரு காளியம்மன் மேடை, பக்கிரிசாமி பிறந்த குடிசை. ரயிலடியிலிருந்து வருகிறவன் எவனாக இருந்தாலும் அந்தத் தெருவை ஒட்டித்தான் பத்து நிமிஷம் நடந்தாக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. புகை வரும், நாய் வரும், குழந்தைகள் ரயிலில் இறங்கிய ஆளை வேடிக்கை பார்க்க ஓடி வரும். அத்தனையையும் மூக்கும் காதும் இல்லாதவன் போலத் தாண்டிப் போவதற்குக் கழுத்தைத் தூக்கித்தான் ஆக வேண்டும், தூக்கினால் கொக்குதான் தெரியும். ஒரு தெருவையே விழுங்க வாகீசனுக்கு ஒரு கொக்கு போதுமாக இருந்திருக்கிறது. ஆனால் மனுஷன் கடிகாரத்தில் மட்டும் பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்டார். பத்து நிமிஷத்தையும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கே தெற்குத்தெருவை வைத்துக் கோடு போட்டதும் கோடு கோயில் வாசலில் வந்து முட்டியது. முட்டியபோது பக்கிரிசாமி வீட்டில் தனியாக இருந்தார், பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதார். இத்தனை வயதுக்குமேல் ஒரு கற்பனை ஊருக்காக அழுததை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது, அழவில்லை என்று சொல்வதற்கில்லை.

"டீ சொல்லவா சார்?" என்றாள் மெகருன்னிசா. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டே படத்தை எட்டிப் பார்த்து, "எல்லாம் கையால போட்டதா? கோடு ஒண்ணுகூட நடுங்கல. எங்க வாப்பா இருந்தா பார்த்துட்டே இருப்பாங்க" என்றாள். அவருக்கு அந்தச் சொல் இதமாக இருந்தது, இதமாக இருந்ததே எரிச்சலாகவும் இருந்தது. கோடு நடுங்காது. சுரண்டினாலும் நடுங்காது. பிளேடைப் படுக்கப் பிடித்து, தாளுக்கு நோகாமல் மை மட்டும் தூளாக வரும்படி சுரண்ட வேண்டும். சுரண்டிய இடம் சொரசொரத்துப் போகும். அதைக் கட்டைவிரல் நகத்தின் முதுகால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினால் அங்கே ஒரு கோடு இருந்தது என்று அந்தப் பிரம்மாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அவருடைய நகத்துக்கு அலுவலகத்தில் பேர் இருந்தது. கஷ்டமான சுரண்டல் என்றால் பக்கிரிகிட்ட குடு, அவன் நகம் பட்டா சுத்தம் என்பார்கள். சுத்தம். காலையில் ராமபத்திரனும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். வேற யாராவது அழிச்சா தெரிஞ்சுடும் சார், உங்க கைன்னா சுத்தமா இருக்கும். நாற்பது வருஷம் தள்ளி, வேறொரு வாயிலிருந்து, அதே வார்த்தை. கேட்டபோது காதுமடல் கொதித்தது.

அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காத்தாயி என்றால் நாலு வீதியிலும் தெரியும், பிரசவம் பார்க்கிறவள். வாகீசன் வீட்டுப் பிள்ளைகள் மூன்றும் அவள் கையில் விழுந்தவைதான். கொல்லைப்புற வழியாகப் போய், கொல்லைப்புற வழியாகவே திரும்பி வருவாள். கல்லூரியில் சேர்ந்த வருஷம் அந்த நாவல்தான் பக்கிரிசாமிக்குப் பாடம். ஏழாவது அத்தியாயத்தில் பெரிய வீட்டு மருமகளுக்கு வலி எடுக்கிறது, ஒருத்தி வந்து பிள்ளையை எடுத்துக் கொடுக்கிறாள். இடது புருவத்தில் தழும்பு, வெற்றிலைக் கறை, பிள்ளை அழுததும் அவளும் கூடச் சேர்ந்து அழுவது எல்லாம் அப்படியே அம்மா. வேர்த்து விறுவிறுத்துப் போய் ரயில் பிடித்து ஊருக்கு ஓடி வந்து, "அம்மா, நீ பொஸ்தகத்துல இருக்க" என்றான். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "நானா? என்ன பேரு போட்டுருக்காவ?" என்றாள். பேர் இல்லை. "அவள் எங்கிருந்தோ வந்தாள்" என்று இருந்தது. எங்கிருந்தோ. அந்த ஒரு சொல்லை நாவல் முழுவதும் பின்னால் எண்ணிப் பார்த்திருக்கிறார், பதினோரு தடவை. துணி வெளுக்க வருகிறவன் எங்கிருந்தோ வருவான், மாடு உரிக்க வருகிறவன் எங்கிருந்தோ வருவான், சாவு சேதி கொண்டு போகிறவன் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போவான். பதினேழு வயசுப் பையன் என்ன செய்வான்? "காத்தாயின்னே போட்டிருக்கும்மா" என்றான். அவளுக்கு முகமெல்லாம் பூரித்துப்போனது. ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம தெருவையும் போட்டிருக்கா தம்பி?" என்று கேட்டாள். "போட்டிருக்கு." அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அவள் சொல்லிவிட்டாள். சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். புஸ்தகத்துல நம்ம தெரு இருக்கு, எம்மவன் படிச்சான்.

போன் அடித்தது. ராமபத்திரன். எடுக்காமல் விடலாம் என்று நினைத்துக்கொண்டே எடுத்தார். பழக்கம். மேலதிகாரி கூப்பிட்டு எடுக்காமல் இருந்ததே இல்லை, இந்த ஆள் மேலதிகாரிகூட இல்லை, ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர்.

"பக்கிரிசாமி சார், ஸ்கேன் ஆயிடுத்தா?"

"கரண்ட் இல்லை சார்."

"அடடா. அந்த இது முடிஞ்சுதா? தெரு?"

"இன்னும் இல்ல."

"சார், நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கப்படாது. உங்க உழைப்பு எங்க யாருக்கும் வராது. ஆனா நாவல்ல இல்லாததை நாம சேக்கலாமா சொல்லுங்கோ. அது ஆசிரியருக்குப் பண்ற துரோகம் இல்லையோ? இது கற்பனை ஊர் சார். கற்பனை ஊர்ல ஒரு தெரு இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?"

"வாகீசன் இல்லம்னு வடக்கு வீதியில நட்சத்திரம் போட்டு ஒரு வீடு வரையச் சொன்னீங்களே, அது நாவல்ல எந்தப் பக்கம் சார் வருது?"

ராமபத்திரன் சிரித்தார். நல்ல மனுஷனின் சிரிப்புதான், அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "அது மரியாதைக்கு சார். குடும்பத்துல ஆசைப்பட்டா. சரி, கரண்ட் வந்ததும் முடிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டார்.

ஆக, மரியாதைக்கு என்றால் நாவலில் இல்லாததும் வரலாம். கற்பனை ஊரில் இடம் இல்லாமல் இல்லை. பக்கிரிசாமி சட்டைப்பையிலிருந்து காகித மடிப்பை எடுத்துப் பிரித்தார். பிளேடு எண்ணெய் மினுமினுப்போடு கிடந்தது. தூக்கி எறி என்று ஒரு மனசு. தூக்கி எறிய நீ யார், எத்தனை சுரண்டியிருக்கிறாய், இதற்கு மட்டும் ரோஷமா என்று இன்னொன்று. அந்த இன்னொன்று வாயைத் திறந்துவிட்டால் நிற்காது. எண்பத்துமூன்றாம் வருஷத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் விடும். அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். தெற்குத்தெருவில் அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள். மேற்பார்வையாளர் ஒரு புலப்படத்தை மேஜைமேல் விரித்து, வயலுக்கு நடுவே புள்ளி புள்ளியாகப் போன நடைபாதையைக் காட்டி, இதை எடுத்துடு என்றார். பெரிய இடத்து வேலை, பாதைக்குத் தனியாப் படம் வரும், அப்புறம் சேத்துக்கலாம், நீ பண்ணாத்தான் சுத்தமா இருக்கும் என்றார். பக்கிரிசாமி எடுத்துவிட்டார். அன்றைக்கு மேஜையில் ஏழெட்டுப் படம். எந்த ஊர்ப் படம் என்றுகூடப் பார்க்கவில்லை. மேலே இருந்து சொன்னார்கள், செய்தார். யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள்.

அப்படித்தான் ரொம்ப நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எந்த ஊர் என்று பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? படத்தின் தலையிலேயே கொட்டை எழுத்தில் ஊர்ப்பேர் இருக்கும். பார்த்தார். நம்ம ஊர்தான் என்று தெரிந்தது. ஆனால் ஊரில் எத்தனையோ வயல், எத்தனையோ பாதை, சர்வே எண்ணை வைத்து எந்த வயல் என்று யார் கண்டது? பேச்சு இங்கே வந்ததும் எப்போதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிடுவார். இன்றைக்கு எழுந்துபோக இடமில்லை. படத்தைவிட்டு நகர்ந்தால் காற்று வந்து தூக்கிவிடும். மெகருன்னிசா வாசலில் நின்று பக்கத்துக் கடைக்காரரிடம், "உங்களுக்கும் போச்சா, அப்ப டிரான்ஸ்ஃபார்மர்தான்" என்று பேசிக்கொண்டிருந்தாள். பக்கிரிசாமிக்குத் தெரியும். எண்ணும் தெரியும், வயலும் தெரியும். அந்தப் பாதை தெற்குத்தெருவின் கடைசி வீட்டில் தொடங்கி ஆற்றங்கரைச் சுடுகாட்டில் முடியும். எட்டு வயதில் கொள்ளிச்சட்டியைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் பாடைக்கு முன்னால் அந்தப் பாதையில்தான் நடந்தார். சூடு தாங்காமல் எந்த வரப்பு முக்கில் கையை மாற்றிப் பிடித்தார் என்பதுகூட நினைவிருக்கிறது. படத்தில் அந்த முக்கு இருந்தது. அந்த முக்கிலிருந்துதான் சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டி, நகத்தால் தேய்த்து, தூளை ஊதி, கீழே வரைந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பலே என்றார். அந்தப் பலேயைக் கேட்டுப் பக்கிரிசாமி சிரித்தார். சிரித்தது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தெருக்காரர்கள் பாட்டுக்குப் பழைய வழியில் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், அந்த வயலுக்குச் சொந்தக்காரரான மிராசுதார் உயிரோடு இருந்தவரை ஒன்றும் சொல்லவில்லை. அவர் மகன் வந்ததும் வரப்பில் முள்வேலி வந்தது. முதல் பிணமாகப் போனது காத்தாயி. தொண்ணூற்றேழு, ஐப்பசி, அடைமழை. பாடையை வேலிக்கு முன்னால் இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். மிராசுதார் மகன் குடை பிடித்துக்கொண்டு வந்தான். கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட படநகல். கத்தவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. "பாதைங்கிறீங்க, படத்துல எங்க இருக்கு காட்டுங்க. நம்ம பக்கிரிசாமி அண்ணனே சர்வே ஆபீஸ்லதான இருக்காரு, அவரே பாத்து சொல்லட்டும்" என்று நகலை நீட்டினான். தெருவே அவர் முகத்தைப் பார்த்தது. கீழே வலது மூலையில் வரைந்தவர் என்ற இடத்தில் அவருடைய சின்னக் கையெழுத்து இருந்தது. அவனுக்கு அது தெரியாது, அவன் மூலையைப் பார்க்கவே இல்லை. "படத்துல இல்ல" என்றார் பக்கிரிசாமி. அவ்வளவுதான் சொன்னார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, படித்த பிள்ளை பார்த்துச் சொல்லிவிட்டான். பாடையைத் தூக்கிக்கொண்டு சுற்றுவழியில், தொடை மட்டும் தண்ணீர் நின்ற வயலில் இறங்கினார்கள். பள்ளத்தில் ஒருவனுக்குக் கால் புதைந்து பாடை சாய்ந்தது. அம்மாவின் கால் வெளியே வந்து சேற்றுத் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டு வந்தது, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி அவிழ்ந்துபோயிருந்தது. அப்போது பக்கிரிசாமி என்ன செய்தார்? இதைத்தான் அவர் நினைக்கவே கூடாது. நினைக்காமல் இருக்கத்தான் மூன்று மாதமாக வாகீசனைத் திட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் நின்ற வயலில் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருந்தவை கூட்டத்தின் சத்தத்துக்கு எழும்பின. பக்கிரிசாமி தலையைத் தூக்கினார். சுடுகாடு வரும்வரைக்கும் கீழே பார்க்கவில்லை. கொக்கு பார்த்துக்கொண்டே போனார்.

விசிறி சுற்ற ஆரம்பித்தது. படத்தின் ஓரம் படபடத்தது, அவர் இரண்டு கையாலும் அமுக்கினார். ஸ்கேனர் முனகிக்கொண்டு பச்சை விளக்கைப் போட்டது. மெகருன்னிசா உள்ளே வந்து, "நான் சொல்லல? குடுங்க சார்" என்று கையை நீட்டினாள்.

"ஒரு நிமிஷம்மா" என்றார். பிளேடை எடுத்தார். ஆத்திரம் கைக்கு வரவில்லை, கை எப்போதும்போல அமைதியாக இருந்தது, முப்பத்துநாலு வருஷக் கை. வடக்கு வீதிக்குப் போய், வாகீசன் இல்லம் என்று நட்சத்திரம் போட்டிருந்த வீட்டைப் படுக்கைவசமாகச் சுரண்டினார். நகத்தால் தேய்த்தார். தூளை ஊதினார். நாவலில் இல்லாததைச் சேர்க்கக் கூடாதென்றால் முதலில் போக வேண்டியது அதுதான். போய்விட்டது, சுத்தம். பிறகு பிளேடைக் காகிதத்தில் மடித்து மெகருன்னிசாவின் குப்பைக்கூடையில் போட்டார். பையிலிருந்து வரைபேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, நோட்டு அட்டையில் இரண்டு கோடு இழுத்து மை வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, தெற்குத்தெருவின் கடைசி வீட்டில் பேனாவை ஊன்றினார். அங்கிருந்து புள்ளி புள்ளியாக இரட்டை வரிசை. வரப்பு முக்கில் திரும்பியது. வயல்களுக்கு நடுவே போய் ஆற்றங்கரையில் நின்றது. ஓரத்தில் பொடி எழுத்தில் அகலம் எழுதினார், எட்டு அடி, பழைய படத்தில் இருந்த அளவு. நாலு பேர் பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு இடிக்காமல் போகலாம். மை காயும்வரை கையால் விசிறினார்.

"இது என்ன சார், புள்ளி புள்ளியா?"

"பாதை."

"எங்க போவுது?"

"சுடுகாட்டுக்கு" என்றார். அவள் தாளை இரண்டு கையாலும் தூக்கி மெஷினின் வாயில் வைத்தாள். மெஷின் மெல்ல இழுத்துக்கொண்டது. திரையில் மணற்றுறை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. கோயில், நாலு வீதி, வடக்கு வீதியில் ஒரு வெற்றிடம், ரயிலடி, மதகு, தெற்குத்தெரு, கடைசியில் புள்ளிகள். அச்சகத்து மின்னஞ்சல் முகவரியைச் சொன்னார், அவள் தட்டி அனுப்பினாள். போன் அடித்தது. இந்தத் தடவை அவர் மூன்று தடவை மணி அடிக்கவிட்டு எடுத்தார்.

"கரண்ட் வந்துடுத்தா சார்? சுரண்டியாச்சா?"

"சுரண்டியாச்சு சார். நட்சத்திரம் போட்ட வீட்டை."

"என்ன சார் சொல்றேள்?"

"தெரு இருக்கு. ஒரு பாதை விட்டுப் போயிருந்துது, அதையும் போட்டுட்டேன். அச்சகத்துக்குப் போயிடுச்சு."

"பாதையா? நாவல்ல ஏது சார் பாதை?"

"நாவல்ல இல்ல சார். அது நான் சுரண்டுன பாதை."

சொல்லிவிட்டார். வேலிக்கு முன்னால் நின்ற அன்றிலிருந்து இருபத்தெட்டு வருஷமாகத் தொண்டையில் நின்றது ஒரு ஜெராக்ஸ் கடையில், கடைக்காரி பார்த்துக்கொண்டிருக்க, சம்பந்தமில்லாத ஒரு மனுஷனிடம் வெளியே வந்துவிட்டது. ராமபத்திரனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோதும் மரியாதையாகவே பேசினார், கம்ப்யூட்டரில் அழித்துவிடச் சொன்னால் அவர்கள் ஒரு நிமிஷத்தில் அழித்துவிடுவார்கள், எதற்கு சார் நமக்குள் மனஸ்தாபம் என்றார்.

"அழிங்க சார். தாராளமா அழிங்க. வரைந்தவர்னு எம்பேரு இருக்குதுல்ல, அதுக்குக் கீழ அழித்தவர்னு உங்க பேரப் போட்டுடுங்க. என் பேர்ல இனிமே யாரும் அழிக்க வேணாம்" என்று போனை வைத்தார். காது இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

மெகருன்னிசா தாளைச் சுருட்டி அவர் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் குழாயில் பத்திரமாகச் செருகினாள். "பிரிண்ட் ஏதும் வேணுமா சார், கையோட?"

"ஒண்ணு போடும்மா. பெருசா." தெற்குத்தெருவில் இப்போது அம்மா வயசுக்காரர்கள் யாரும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பாடை தூக்கியவர்களில் மூன்று பேர் இருக்கிறார்கள், கால் புதைந்தவனும் இருக்கிறான். இந்நேரம் சாப்பிட்டுவிட்டு வேம்படியில் படுத்திருப்பார்கள். படத்தை விரித்து, இங்கே தெரு, இங்கே பாதை என்று காட்ட வேண்டும். பாதை ஏன் இத்தனை நாள் படத்தில் இல்லை என்று கேட்பார்கள். கேட்கட்டும். மெஷின் தாளைத் துப்பியது. அவர் அதை மை காயாமலேயே வாங்கிக்கொண்டு வெயிலில் இறங்கி, ரயிலடி வழியாக நடந்தார். மதகு வந்தபோது தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு போனார்.